மாமாவின் பெட்டியில் மலைப்பனிப் பூ

பெத்தானியா சபை வட்டாரம்
மேற்குக் கான்சஸ்
1935 செப்டம்பர், செவ்வாய்க்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான எமீலியா அக்கா அவர்களுக்கு, உங்கள் தம்பி லுட்விக்கின் மனைவி பவுலீனா மிகுந்த வணக்கத்தோடு எழுதுவது. தேவகிருபையால் இங்கே சாகாதவர்கள் எல்லாரும் உயிரோடிருக்கிறோம். ஃப்ரெஸ்னோவில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் திராட்சைத் தோட்டமும் சேமமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். புழுதிக்காற்று அடிக்கிற நாளில் வாயைத் திறக்க முடியாது, மனதுக்குள் ஜெபிக்கிறேன். அதையும் கர்த்தர் கணக்கில் சேர்த்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மாமாவின் அடக்கத்தன்று எடுத்த புகைப்படத்தை நீங்கள் திருப்பி அனுப்பியதும் அதே உறையில் கிடைத்தது. பெற்ற தகப்பனின் சவப்பெட்டியில் மாடு தின்னாத களைச்செடியைக் கட்டியிருக்கிறது, எல்லாரும் மாமாவைப் பார்த்து நிற்க லுட்விக் மட்டும் மூஞ்சியை மூடிக்கொண்டு நிற்கிறான், செத்த பிறகும் தகப்பன் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறவனுக்கு இனி நான் கடிதம் எழுதப்போவதில்லை, போதாததற்கு அவன் குடித்துவிட்டு வந்து கல்லறை மேட்டில் தடுக்கி விழுந்தான் என்று ஃபிலிப் எழுதியிருக்கிறான், அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு மறுவேலை பார் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். வாசித்து முடித்து உறையில் மடித்து வைத்தேன். பிறகு யோசித்தேன்: என் வீட்டுக்காரரின் அண்ணன் ஃபிலிப் அத்தான் உங்களுக்கு எல்லாம் எழுதினவர், ஒன்றை மட்டும் எழுதவில்லை. உங்கள் தம்பிக்கு இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருக்கிறது. வியாழக்கிழமை டாக்டர் வந்து அவிழ்த்துப் பார்ப்பார். பார்வை திரும்பும் என்றும் அவர் சொல்லவில்லை, திரும்பாது என்றும் சொல்லவில்லை. கட்டு அவிழ்வதற்குள் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். பிறகு எழுத எனக்குத் தைரியம் இருக்குமோ இருக்காதோ.

மாமா ஆகஸ்ட் மாதத்தில் போனார். ஆகஸ்ட் என்றால் உங்களுக்குத் தெரியும், ஆனால் இந்த வருஷத்து ஆகஸ்ட் தெரியாது. சோளம் முழங்கால் உயரத்தில் நின்றபடியே காகிதமாகிவிட்டது. பிரேதத்தை முன்னறையில் கிடத்தி, ஐஸ் கட்டிகளைத் தொட்டியில் போட்டு அடியில் வைத்து, ஜன்னலுக்கெல்லாம் ஈரத்துணி தொங்கவிட்டு, வீட்டில் அடுப்பே பற்றவைக்கக் கூடாது என்று ஃபிலிப் அத்தான் மனைவி அமாலியா கட்டளை போட்டுவிட்டாள். அது நியாயமான கட்டளைதான். ஆனால் எல்லா வினையும் அந்த அணைந்த அடுப்பிலிருந்துதான் ஆரம்பித்தது. பாஸ்டர் ஐயாவின் கார் புழுதி மேட்டில் புதைந்துபோய், அவர் அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். அவர் முகத்தில் கண் இருந்த இடம் மட்டும்தான் வெள்ளை. நகரத்திலிருந்து ரயிலில் வரவழைத்த கார்னேஷன் பூக்கள் வேகவைத்த முட்டைக்கோசு மாதிரி வந்து சேர்ந்தன. பூப்பெட்டியைத் திறந்தபோது வாசனையும் அப்படித்தான் இருந்தது.

பூ இல்லாமல் எப்படிப் படம் எடுப்பது? நம் வழக்கத்தில் பெட்டியைத் திறந்துவைத்து, குடும்பமெல்லாம் சுற்றி நின்று படம் எடுத்தால்தானே அடக்கத்துக்கு வர முடியாதவர்களுக்கு ஆறுதல்? உங்களுக்கு ஒன்று, நம் முன்னோர் விட்டுவந்த வோல்கா நதிக்கரையில் மிஞ்சியிருக்கிற சொந்தக்காரர்களுக்கு ஒன்று, அவர்கள் மிஞ்சியிருந்தால். அமாலியா தலையில் அடித்துக்கொண்டாள். "ஃப்ரெஸ்னோவுல எமீலியா பாத்தா என்ன சொல்லுவா? ஒரு பூவுக்கு வக்கில்லாம அப்பாவைப் பொதச்சாங்கன்னு சொல்ல மாட்டா?" நீங்கள் அப்படிச் சொல்கிறவர் இல்லை என்று நான் சொன்னேன். இப்போது உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு அமாலியாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அந்த நேரத்தில் எட்டுத் திசையிலும் வெள்ளையாய் நின்றது ஒன்றே ஒன்று. என் வீட்டு வாசலில் இருந்த மலைப்பனிப் பூ. மலையே பார்க்காத ஊரில் அதற்கு யார் இந்தப் பெயர் வைத்தார்களோ. அது எப்படி என் வாசலுக்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் தம்பிக்கும் மாமாவுக்கும் இருந்த மனத்தாங்கலும் அதே இடத்தில்தான் முளைத்தது.

கோதுமை நல்ல விலைக்குப் போன வருஷத்தில் மேற்குப் புல்வெளியை உழப்போவதாக உங்கள் தம்பி சொன்னார். மாமா வேலியோரம் நின்று, "அந்தப் புல்லைத் திருப்பாதடா. ஒருதரம் திருப்பினா மறுபடி மூட முடியாது" என்றார். "உங்க காலம் வேறப்பா" என்று இவர் டிராக்டரில் ஏறிவிட்டார். இரண்டு அறுவடை வந்தது. பிறகு மழை நின்றது. பிறகு அந்த நிலமே எழுந்து ஜன்னல் வழியாக எங்கள் படுக்கைக்குள் வந்தது. மாமா ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருப்பார்கள். சொல்லாததுதான் உங்கள் தம்பிக்குப் பொறுக்கவில்லை. கோவிலில் ஒரே பெஞ்சில் உட்கார்வதை விட்டார், வழியில் கண்டால் வண்டியைத் திருப்புவார், கடைசியில் தகப்பன் இருக்கிற திசையிலேயே பார்ப்பதில்லை. மாமா மட்டும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தச் செத்த நிலத்து வேலியில் வந்து நிற்பார். வேறொன்றும் முளைக்காத அந்த மண்ணில் மலைப்பனி மட்டும் இடுப்பளவு நின்று, ஓரம் வெளுத்த இலையோடு கும்பல் கும்பலாய்ப் பூத்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். நான் ஒருநாள் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். "யாரும் வெதைக்கல பாரு பவுலீனா. உழுத பாவத்த மூடறதுக்குத் துணி கொண்டாந்துருக்கு" என்றார். அன்றைக்கு விதை பொறுக்கி வந்து முதல் உறைபனிக்கு முன்னால் வாசலில் தூவினேன்.

அக்கா, நான் பள்ளிக்கூடத்தில் படித்தவள் இல்லை. ஆனால் வீட்டில் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் எங்கே போகிறது என்று எனக்குக் கணக்கு உண்டு. பாத்திரம் கழுவின தண்ணீர் தக்காளிக்கு, துணி துவைத்தது வெங்காயத்துக்கு, கால் கழுவினது கோழி மிதிக்கிற இடத்துக்கு. தக்காளி கருகிற்று, வெங்காயம் அழுகிற்று, கோழி கால் கழுவின தண்ணீரைக் குடித்துவிட்டு என்னை முறைத்தது. மலைப்பனிக்கு நான் கொடுத்தது ஒரு சொட்டுக்கூட இல்லை. வெட்டுக்கிளி வந்து மண்வெட்டிக் காம்பைக்கூட அரித்துவிட்டுப் போயிற்று, இதைத் தொடவில்லை. மாடு மோந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போகிறது. தேனீ மட்டும் வருகிறது. உலகமே மண்நிறமாய் இருக்கும்போது வாசலில் வெள்ளையாய் ஏதோ ஒன்று நிற்பது எனக்கு எவ்வளவு தெம்பு என்று திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரே ஒரு குணம் அதற்கு உண்டு. உடைத்தால் பால் வடியும், பட்ட இடம் பொத்துப்போகும். அதனால் வெட்டினதும் தண்டின் நுனியை நெருப்பில் காட்ட வேண்டும். நெருப்புப் பட்டால் பால் நின்றுவிடும். பிறகு குழந்தைகூடத் தொடலாம். ஈஸ்டர் முதல் இதைக் கேலி செய்தே வயிறு வளர்த்த அமாலியா அன்றைக்கு அரிவாளோடு ஓடிவந்தாள்.

"ஏ பவுலீனா, உன் பீடைச் செடியாவது வெள்ளையா நிக்குதே, வெட்டு வெட்டு!"

"வெட்டலாம் அக்கா. நுனியச் சுட்டுட்டுத்தான் கட்டணும். பால் வடியும்."

"பிரேதம் கெடக்கிற வீட்டுல அடுப்புப் பத்தவைக்கப் போறியா? ஐஸெல்லாம் கரைஞ்சு மாமா மெதக்கட்டும்னு பாக்குறியா?"

"ஒரு மெழுகுவத்தி போதும் அக்கா."

"போட்டோக்காரன் வெயில்ல நிக்கிறான், இவளுக்கு மெழுகுவத்தி! பாலாம் பாலு. நீ என்ன பசுவா வளர்த்தே?"

கட்டி முடித்துப் பெட்டி மூடிமேல் வைத்தார்கள். காற்று ஒரே வீச்சில் எல்லாவற்றையும் அள்ளி மாட்டுக்கொட்டகைக் கூரையில் போட்டது. மறுபடி வெட்டினார்கள். இந்த முறை அமாலியாவுக்கு ஒரு யோசனை வந்தது. காற்றால் பிடுங்க முடியாதபடி பெட்டியின் ஆறு கைப்பிடியிலும் கறுப்பு ரிப்பன் போட்டு ஒவ்வொரு கொத்தாய் இறுக்கிக் கட்டினாள். பார்க்க அழகாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. தூக்குகிற ஆறு பேருக்கும் வெள்ளைக் கையுறை வைத்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் ஒரு ஜோடி குறைந்தது. ஒருவன் மட்டும் வெறுங்கையோடு தூக்கினால் படத்தில் லட்சணமாய் இருக்காது என்று சபை மூப்பர் தீர்மானித்து, ஆறு பேரும் கழற்றினார்கள். உங்கள் தம்பி அந்த ஆறு பேரில் முதலில் இல்லை. ஃபிலிப் அத்தான் அவரைச் சேர்க்கவில்லை. பக்கத்துப் பண்ணைப் பையன் ஒருவன் புழுதி மார்ச்சளியில் படுத்துவிட்டான், கடைசி நிமிஷத்தில் ஆள் குறைந்தது. "வேற யாரும் இல்ல. நீயே புடி" என்றார் அத்தான், நாய்க்கு எலும்பு போடுகிற மாதிரி. இவர் வந்து கால்மாட்டுக் கைப்பிடியைப் பிடித்தார்.

வீட்டிலிருந்து கோவிலுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே நடந்தோம். நசுங்கின தண்டிலிருந்து பாலும் கையிலிருந்து வேர்வையுமாய் ஆறு பேருக்கும் மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. யாரும் கவனிக்கவில்லை. கோவில் வாசலில் மூடியைத் திறந்தார்கள். போட்டோக்காரன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "யாரும் அசையாதீங்க" என்றான். ஃபிலிப் அத்தான் இரண்டு கையையும் வானத்துக்கு விரித்து, "அப்பா! எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று கதறினார். கட்டியிருந்த குதிரை மிரண்டது. போட்டோக்காரன் துணிக்குள்ளிருந்தே, "ஐயா, கைய எறக்குங்க, பின்னால இருக்கிறவங்க தெரியல" என்றான். அத்தான் கையை இறக்கி, கோட்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். உங்கள் தம்பி கால்மாட்டில், எல்லாருக்கும் பின்னால் நின்றார். அங்கிருந்து மாமாவின் முகம் நேராய்த் தெரியும். எத்தனையோ வருஷம் பார்க்காத முகம். மாமாவின் நெற்றியில் அப்போதும் கொஞ்சம் புழுதி இருந்தது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை. மேற்கு நிலத்துப் புழுதிதான், வேறே எங்கிருந்து வரும்? படம் எடுத்த அந்த நொடியில்தான் இவர் கை முகத்துக்குப் போயிற்று. அதைத்தான் நீங்கள் மூஞ்சியை மூடிக்கொண்டான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதற்கப்புறம் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது உங்கள் தம்பிக்குக் கண் தெரியவில்லை, அக்கா. இரண்டு கண்ணிலும் நெருப்பு. முன்னால் போகிறவனின் காலடிச் சத்தத்தைக் கேட்டே நடந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கைப்பிடியை வேறொருவனிடம் கொடுக்கச் சொல்லியிருப்பார்களே. குழிமேட்டில் கால் இடறிற்று. ஒரு முழங்கால் மண்ணில் குத்தியது, ஆனால் பெட்டி சாயவில்லை. ஃபிலிப் அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு, "குடிச்சிருக்கியா? அப்பா அடக்கத்துலயா?" என்றார். இவர் சொன்னது ஒரே வார்த்தை: "நட."

பிறகு கோவிலுக்கு அடியில் இருக்கிற கூடத்தில் சாப்பாடு. நூடுல்ஸ் சூப்பு, புகைபோட்ட தொத்திறைச்சி, உருளைக்கிழங்கு சாலட், கம்புரொட்டி, பழக்கேக்கு எல்லாம் அக்கம்பக்கத்தார் அவரவர் வீட்டில் செய்து கொண்டுவந்திருந்தார்கள். ஜெபம் முடிந்து கரண்டியை எடுப்பதற்குள் ஆறு பேருக்கும் கை எரிய ஆரம்பித்தது. ஒருவன் மோர்ப் பானையில் கையை விட்டான். அதைப் பார்த்து இன்னொருவன் காபிக்கு வைத்திருந்த கிரீமில் விட்டான். ஃபிலிப் அத்தான் ஊறுகாய் ஜாடிக்குள் இரண்டு கையையும் திணித்து, அதில் உப்பும் வினிகரும் இருப்பது தெரிந்ததும் போட்ட சத்தம் காலையில் கதறினதைவிட நிஜமாய் இருந்தது. அமாலியா என்னைக் காட்டி, "இவதான்! இவ வளர்த்த விஷந்தான்!" என்றாள். பெண்களெல்லாம் என் தட்டைத் தவிர மற்ற தட்டுகளைத் தூரமாய் நகர்த்திக்கொண்டார்கள். நான் உங்கள் தம்பியைத் தேடினேன். மூலையில் கோட்டு மாட்டுகிற ஆணிகளின் பக்கத்தில் நின்றுகொண்டு, தொங்கிக்கொண்டிருந்த ஒரு கோட்டின் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்ல பிரசங்கம், பாஸ்டர் ஐயா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அது கோட்டு."

"தெரியும். சத்தம் போடாத. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

டாக்டர் வந்து கண்ணிமையைப் பிரித்துப் பார்த்தார். "இந்தச் செடிப் பால் ஒருதரம் பட்டா இவ்வளவு ஆழமாப் புண்ணாகாதே. மறுபடி மறுபடி துடைச்சிருக்கீங்க. எதுக்குத் துடைச்சீங்க?" என்று கேட்டார். உங்கள் தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சுவர் எந்தப் பக்கம் என்று அவருக்கு அப்போது தெரியாது, அதனால் என் பக்கம்தான் திரும்பினார். அக்கா, எதற்குத் துடைத்தார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். ஆறு பேர் கையிலும் ஒரே பால். ஆறு பேருக்கும் மணிக்கட்டு வரை கொப்புளம். ஐந்து பேர் கண்ணுக்கு ஒன்றுமில்லை. நீங்கள் திருப்பி அனுப்பின படத்தை நான் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். ஃபிலிப் அத்தானின் கண் கழுவி வைத்த கண்ணாடிக் கிண்ணம் மாதிரி இருக்கிறது. நான் குறை சொல்லவில்லை. அவருடைய துக்கம் தொண்டையோடு நின்றுவிட்டது, மேலே ஏறவில்லை, அவ்வளவுதான். உங்கள் தம்பி பேசாத மனுஷர். மாமாவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை உயிரோடிருந்தபோது கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டார், கண்ணீரால் கேட்டார் என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி அந்தச் செடிதான். சாட்சியை எரிக்கச் சொல்கிறீர்களே, அது தர்மமா? நான் பிடுங்கமாட்டேன். பிடுங்கினாலும் பிரயோசனமில்லை. முதல் உறைபனியில் அதுவே கருகிச் சாகும், ஆனால் காய் ஏற்கெனவே படீர் படீரென்று வெடித்து விதையைத் தெறிக்கவிட்டது. கொஞ்சம் அமாலியாவின் தோட்டத்திலும் விழுந்திருக்கிறது. அடுத்த கோடையில் அவள் சொன்னாலும் கேட்காது, நீங்கள் சொன்னாலும் கேட்காது. ஆகவே தயவுபண்ணி உங்கள் தம்பிக்கு ஒரு வரி எழுதுங்கள். அவருக்கு வாசிக்கக் கண் இல்லாவிட்டால் நான் வாசித்துக் காட்டுவேன்.

உங்கள் வீட்டு அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளைக் கர்த்தர் தம்முடைய செட்டையின் நிழலில் காத்து, எங்களுக்கு வராமல் அங்கே பெய்கிற மழையில் உங்களுக்கு வேண்டியதைக் கழித்து மிச்சத்தை இந்தப் பக்கம் அனுப்புவாராக. சபையில் உங்களை விசாரிக்கிற எல்லாருக்கும் நீங்கள் சுகம் என்றே சொல்லிவருகிறேன்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள,
பவுலீனா

பின்குறிப்பு: வியாழக்கிழமை. டாக்டர் வந்து கட்டை அவிழ்த்தார். வலது கண்ணுக்கு விளக்கும் ஜன்னலும் தெரிகிறது. இடது கண்ணுக்கு வெளிச்சம் மட்டும், அது அப்படியே நின்றுவிடலாம் என்கிறார் டாக்டர். உங்கள் தம்பி என்னைப் பார்த்து "யாரு, பாஸ்டரா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டாரா நிஜமாகவே தெரியவில்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மறுபடி கட்டிவிட்டு, ஒரு வாரத்துக்குக் கட்டு நனையவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் இந்தக் கடிதத்தை உங்கள் தம்பிக்கு முழுசாய் வாசித்துக் காட்டினேன். ரொட்டியை மென்றுகொண்டே கேட்டார். "எல்லாம் சரி. ஒண்ணு மட்டும் தப்பு" என்றார். எது என்றேன். "அது கண்ணீர் இல்ல, வேர்வை. ஆகஸ்ட் மாச வெயிலு, ஃபிலிப் பக்கத்துப் பாரத்தையும் சேத்து நான்தான் தூக்கினேன். வேர்வை கண்ணுல எறங்கிச்சு, துடைச்சேன். அக்காவுக்கு அப்படியே எழுது." புருஷன் சொன்னால் எழுதத்தானே வேண்டும்? வேறு காகிதமும் இல்லை. ஆகையால் மேலே நான் கண்ணீர் என்று எழுதியதையெல்லாம் வேர்வை என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும். சாட்சி என்று சொன்னதையும் அடித்துவிடவும். சொல்லிவிட்டு அவர் போய்ப் படுத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் நான் இரண்டு தடவை கட்டு மாற்றிவிட்டேன், இரண்டும் பிழிகிற அளவுக்கு ஈரம். இன்றைக்கு இங்கே வடக்கிலிருந்து குளிர்காற்று. நான் சால்வை போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.